முகம் மங்கி வளையல் தெளிந்தால்: லென்ஸின் ஃபோகஸ் கோளாற்றை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

தங்கையின் வளைகாப்பை நான்தான் படமெடுத்தேன். கேமராவும் 85 மிமீ லென்ஸும் பழையதாக வாங்கியவை. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தபோது வளையல்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. அவள் முகம் மட்டும் பனிக்குள் இருந்தது. நான் ஒவ்வொரு முறையும் கண்ணின் மீதுதான் ஃபோகஸ் வைத்திருந்தேன். அந்த நாள் திரும்பி வராது.

மறுநாளே லென்ஸை மட்டும் ஒரு பழுதுபார்ப்பு நிலையத்தில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, "அளவுக்குள்தான் இருக்கிறது" என்ற சீட்டோடு திரும்பி வந்தது. ஆய்வுக் கட்டணம் என்னுடையது. பிறகு நானே உட்கார்ந்து சோதித்தபோது புரிந்தது: குறை லென்ஸில் இல்லை, கேமராவில் இருந்தது. கேமராவையும் சேர்த்துக் கொடுத்து, சரியாகி வருவதற்குள் மொத்தம் ஏழு வாரம் போயிற்று. இரண்டாவது லென்ஸ் ஒன்றை மாட்டி அரை மணி நேரம் சோதித்திருந்தால் முதல் மூன்று வாரமும் முதல் கட்டணமும் மிஞ்சியிருக்கும்.

லென்ஸை விற்பதற்கோ பழுதுபார்க்கக் கொடுப்பதற்கோ முன் கீழே உள்ளதை வரிசை மாறாமல் செய்யுங்கள். பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வாங்கிப் பழகுபவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு முதல் நான்கு படிகளும், ஆறாம் படியின் கடைசிப் பகுதியும், எட்டு, ஒன்பதாம் படிகளும் போதும்.

1. கோளாறு ஃபோகஸில்தானா என்று பாருங்கள்

மங்கலான படத்தை முழு அளவில் பெரிதாக்கி, முகத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். முகத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் பிழை. எதுவுமே கூர்மையாக இல்லாமல், விளக்கொளிப் புள்ளிகள் சிறு கோடுகளாக இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் தீரும். 85 மிமீ லென்ஸுக்கு நொடியில் 85இல் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. மனிதர்களைப் படமெடுக்கும்போது 250இல் ஒரு பங்குக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மிமீ லென்ஸை எஃப் 1.8இல் (ஒளி புகும் துளையின் அளவு; எண் சிறுத்தால் துளை அகலும்) வைத்து ஒன்றரை மீட்டர் தொலைவில் எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். எதிரில் இருப்பவர் சற்றுச் சாய்ந்து சிரித்தாலே போதும். ஓரிரு படம் தவறினால் அது கோளாறு ஆகாது. பத்தில் எட்டுப் படம் ஒரே பக்கமாகத் தவறினால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

2. லென்ஸைச் சுற்றியிருப்பவற்றை விலக்குங்கள்

முன்னால் மாட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபில்ட்டரைக் கழற்றுங்கள். மலிவான ஃபில்ட்டர் ஒன்றே நல்ல லென்ஸை மங்கலாக்கிவிடும். தொலைவில் உள்ளதை அருகே காட்டும் டெலி லென்ஸ்களில் இது இன்னும் அதிகம். லென்ஸின் பின்பக்கமும் கேமராவின் வாயிலும் உள்ள உலோகத் தொடுமுனைகளை, பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு மெல்லத் துடையுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் தொலைவைக் கட்டுப்படுத்தும் சுவிட்சு இருந்தால் அது முழு வீச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்திலுள்ள சிறு சக்கரம் உங்கள் கண்பார்வைக்கு ஏற்பத் திருப்புவது. அது தவறாக இருந்தால் பார்க்கும்போதுதான் மங்கும், எடுத்த படம் மங்காது.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஈரப்பதம். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். குளிரூட்டிய அறையிலிருந்தோ எம்ஆர்டி ரயிலிலிருந்தோ வெளியே வந்ததும் குளிர்ந்த கண்ணாடியில் நீர்த்திரை படிகிறது. தைப்பூச விடியலில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் வாசலில் நின்று, லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிப்பதைப் பார்த்து, மோட்டார் பழுது என்றே முடிவு கட்டியிருக்கிறேன். இருபது நிமிடத்தில் தானாகச் சரியாயிற்று. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கேமராவை ஒரு ஜிப் பையில் இறுக மூடிக் கொண்டுபோங்கள். வெளிக்காற்றின் வெப்பத்துக்குப் பை பழகிய பிறகு திறவுங்கள். படிந்த நீரைத் துடைக்க வேண்டாம், காத்திருங்கள்.

லென்ஸின் உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். பின்மூடியைக் கழற்றி, கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும். பூஞ்சை பிடித்த லென்ஸில் ஃபோகஸ் திருத்தம் செய்வது வீண். வீட்டில் உலர்பெட்டி வைத்து 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் ஈரப்பதத்தைக் காத்துவந்தால் இந்தச் செலவே வராது.

3. ஃபோகஸ் புள்ளியை நீங்கள் தேர்ந்தெடுங்கள்

கேமரா தானாகப் புள்ளி தேர்ந்தெடுக்கும் முறையை அணைத்துவிட்டு, ஒற்றைப் புள்ளி, ஒருமுறை ஃபோகஸ் என்று வையுங்கள். டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் சென்சார் வெளிச்ச வேறுபாடு அதிகமுள்ள இடத்தை நாடும். வியூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிட அது உண்மையில் அளக்கும் பரப்பு பெரும்பாலும் சற்றுப் பெரியது. நம் வீட்டு விசேஷங்களில் இதுதான் பெரிய பொறி: கண்ணுக்கு மேலே நெற்றிச்சுட்டி மின்னும், கன்னத்துக்குப் பக்கத்தில் ஜிமிக்கி ஆடும், தோளில் சரிகை பளபளக்கும். கட்டம் கண்ணில் இருந்தாலும் ஃபோகஸ் நெற்றிச்சுட்டிக்குப் போய்விடும். கேமரா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் வைத்துவிட்டுப் பிறகு சட்டத்தைத் திருப்பும் பழக்கத்தை, அகன்ற துளையில் எடுக்கும்போது விட்டுவிடுங்கள். கேமராவைத் திருப்பும்போது ஃபோகஸ் தளமும் சேர்ந்து திரும்புகிறது. கண் அந்தத் தளத்துக்கு வெளியே போய்விடுகிறது.

மிரர்லெஸ் கேமராவில் கண்ணைத் தேடும் வசதி பெரும்பாலும் அருகிலுள்ள கண்ணைப் பிடிக்கும். எந்தக் கண் என்று நீங்கள் சொல்லும் அமைப்பு பல கேமராக்களில் இருக்கிறது. தேடி எடுத்து வையுங்கள்.

இந்த மூன்று படிகளோடு பலருடைய பிரச்சினை முடிந்துவிடும். முடியவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

4. சோதனைக்கான இடத்தை அமையுங்கள்

தேவையானவை: முக்காலி, ஒரு நாளிதழ்ப் பக்கம், 30 சென்டிமீட்டர் அளவுகோல், ஒட்டும் பட்டை. முக்காலி இல்லாவிட்டால் மேசையும் புத்தகங்களும் போதும். முக்காலி தவிர மற்றவற்றுக்கு ஐந்து வெள்ளிகூட ஆகாது. விலை உயர்ந்த சோதனைப் பலகைகளை முதல் நாளே வாங்க வேண்டாம்.

தமிழ் முரசின் ஒரு பக்கத்தை ஒரு தடித்த அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டி, கேமராவின் உயரத்தில் நேர்செங்குத்தாக நிறுத்துங்கள். பெரிய தலைப்பெழுத்துகள் நடுவில் வரட்டும். அட்டைக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் அளவுகோலைச் சாய்வாக வையுங்கள். அதன் 15ஆம் சென்டிமீட்டர்க் கோடு அட்டையின் தளத்தோடு சரியாக ஒத்திருக்க வேண்டும். ஒரு முனை உங்களை நோக்கியும் மறுமுனை பின்னோக்கியும் போகும்.

இங்கே ஒரு தவறு பரவலாக நடக்கிறது. சாய்வான அளவுகோலின் மீதே ஃபோகஸ் வைக்கிறார்கள். சென்சாரின் பரப்புக்குள் அளவுகோலின் பல கோடுகள் விழும். கேமரா எதைப் பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபோகஸ் வைப்பது தட்டையான தாளில், அளந்து படிப்பது சாய்ந்த அளவுகோலில்.

தொலைவுக்கு கேனான் சொல்லும் கணக்கு, குவியத் தூரத்தைப் (லென்ஸின் மிமீ எண்) போல் 50 மடங்கு. 35 மிமீ லென்ஸுக்கு 1.75 மீட்டர், 50 மிமீக்கு 2.5 மீட்டர், 85 மிமீக்கு 4.25 மீட்டர். 200 மிமீ என்றால் 10 மீட்டர் வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் அதற்கு இடமிருக்காது. புளோக்கின் கீழ்த்தளத்தில் காலை பத்து மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும்போது செய்யுங்கள். ஆனால் நீங்கள் வழக்கமாக ஆளை ஒன்றரை மீட்டரில் படமெடுப்பவர் என்றால் அந்தத் தொலைவிலும் ஒரு சுற்றுச் சோதியுங்கள். உங்களுக்கு உதவப்போவது அந்த அளவுதான்.

வெளிச்சம் முக்கியம். சன்னலோரப் பகல் வெளிச்சம் நல்லது. இரவில் மஞ்சள் விளக்கின் கீழ்ச் சோதித்தால், ஒளியின் நிறத்தால் ஃபோகஸ் விலகல் மாறக்கூடும். நான் முதல் தடவை அப்படித்தான் சோதித்துத் தவறான எண்ணைப் பதித்தேன்.

5. பத்துப் படமும் மூன்று படமும் எடுங்கள்

துளையை லென்ஸின் முழு அகலத்தில் திறந்து வையுங்கள். ஒளியுணர்வு எண்ணான ஐஎஸ்ஓ குறைவாக இருக்கட்டும். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள். இரண்டு நொடித் தாமதத்தில் எடுங்கள்.

முதலில் வியூஃபைண்டர் வழியாகப் பத்துப் படம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பிக் கலைத்துவிடுங்கள்: ஐந்து முறை முடிவிலிப் பக்கம், ஐந்து முறை அருகுப் பக்கம். கலைக்காமல் எடுத்தால் லென்ஸ் அசையவே அசையாது. ஒரே படத்தைப் பத்து முறை எடுத்ததாகிவிடும்.

பிறகு எதையும் நகர்த்தாமல் லைவ் வியூவுக்கு (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) மாறி மூன்று படம். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது கண்ணாடியில் பட்டு அடியில் உள்ள தனிச் சென்சாருக்குப் போகும் ஒளிதான் ஃபோகஸை அளக்கிறது. அந்தப் பாதையும் படம் பதியும் சென்சாரின் பாதையும் ஒரு மயிரிழை வேறுபட்டாலும் பிழை வரும். லைவ் வியூவில் அந்தக் கண்ணாடி விலகி, படம் பதியும் சென்சாரே நேரடியாகப் பார்க்கிறது. ஆகவே இந்த மூன்று படங்கள்தான் உங்கள் உரைகல்.

முடிந்தால் இதே சோதனையை இன்னொரு லென்ஸை மாட்டியும் செய்யுங்கள். நண்பரிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்குங்கள். சாதாரண 50 மிமீ போதும். நான் விட்ட படி இதுதான். அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

6. படங்களைப் படியுங்கள்

கணினியில் 100 விழுக்காட்டில் திறந்து, அளவுகோலில் எந்தக் கோடு மிகக் கூர்மை என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுதிவையுங்கள். கேமராவின் சிறு திரையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

லைவ் வியூ கூர்மை, வியூஃபைண்டர்ப் படங்கள் எல்லாம் ஒரே பக்கமாக, ஏறத்தாழ ஒரே அளவு விலகல் என்றால் அது அளவுத்திருத்தக் கோளாறு. தாளுக்கு முன்னால் விழுந்தால் ஃபிரண்ட் ஃபோகஸ், பின்னால் விழுந்தால் பேக் ஃபோகஸ். இரண்டு லென்ஸும் ஒரே பக்கம் விலகினால் கேமராவைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் விலகினால் அந்த லென்ஸை.

வியூஃபைண்டர்ப் படங்கள் முன்னும் பின்னுமாகச் சிதறினால் எந்த எண்ணும் அதைத் திருத்தாது. வெளிச்சம் போதவில்லை, தாளில் எழுத்து போதவில்லை, அல்லது லென்ஸின் இயக்கத்தில் தேய்மானம். வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி சோதித்து, அப்போதும் சிதறினால் எட்டாம் படிக்குப் போங்கள்.

லைவ் வியூவிலும் மங்கல் என்றால் ஃபோகஸ் அமைப்பைக் குறை சொல்ல வேண்டாம். தாளின் இடப்பக்க ஓரம் கூர்மை, வலப்பக்க ஓரம் குழைவு என்றால் உள்ளே ஒரு கண்ணாடி இடம் மாறியிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களில் இது அடிக்கடி நேரும். மிரர்லெஸ்காரர்களும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஃப் 1.4இல் சரி, எஃப் 2.8இல் மட்டும் விலகல் என்றால் துளை சுருங்கும்போது ஃபோகஸ் தளம் நகரும் லென்ஸ் அது. அதன் வடிவமைப்பே அப்படி. பழுதுபார்ப்பவர் எதுவும் செய்ய முடியாது.

7. கேமராவிலேயே திருத்துங்கள்

கேனானில் இதற்கு ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். நிக்கானில் ஏஎஃப் ஃபைன் டியூன். இரண்டிலும் −20 முதல் +20 வரை. கேனான் 6டி, 7டி, 80டி, 5டி மார்க் 3 போன்றவற்றிலும், நிக்கான் டி7000 வரிசை, டி750 போன்றவற்றிலும் இது உண்டு. கேனான் 700டி, நிக்கான் டி3000 வரிசை போன்ற தொடக்கநிலைக் கேமராக்களில் இல்லை. பழைய கேமரா வாங்கும்முன் இதை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். விலையில் சிறு வித்தியாசம்தான். ஆனால் இந்த வசதி இருந்தால் நிலையத்துக்கு நடக்க வேண்டியதே இல்லாமல் போகலாம்.

ஃபோகஸ் முன்னால் விழுந்தால் கூட்டல் எண், பின்னால் விழுந்தால் கழித்தல் எண். ஐந்தைந்தாக நகர்த்தி, நெருங்கியதும் ஒன்றொன்றாக நகர்த்துங்கள். ஒவ்வொரு எண்ணிலும் குறைந்தது ஐந்து படம் எடுங்கள். +20க்கும் அடங்காவிட்டால் அதோடு நிறுத்திவிட்டு, நிலையத்துக்குக் கொடுங்கள்.

நிக்கான் டி500, டி850 ஆகியவற்றில் லைவ் வியூவை ஒப்பிட்டுத் தானாகவே எண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. ஒரு முறை சொல்லும் எண்ணை நம்பாதீர்கள். ஐந்தாறு முறை செய்து, நடுவில் வரும் எண்ணைக் கையால் பதியுங்கள்.

ஜூம் லென்ஸ் என்றால் அகலமுனைக்கு ஓர் எண், டெலிமுனைக்கு ஓர் எண் தேவைப்படும். கேனான் 5டி மார்க் 3இல் இரண்டையும் தனித்தனியே பதியலாம். ஒரே எண்தான் பதிய முடியும் என்றால் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் முனைக்கு வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது டெலிமுனைதான்.

உங்கள் கேமராவில் இந்த வசதி இல்லை, ஆனால் லென்ஸ் சிக்மாவின் அல்லது டேம்ரானின் பிந்தைய தயாரிப்பு என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சிக்மா யூஎஸ்பி டாக், டேம்ரான் டேப்-இன் கன்சோல் என்ற கருவிகளில் லென்ஸை மாட்டிக் கணினி வழியாகத் திருத்தலாம். தொலைவு வாரியாகவும், ஜூம் லென்ஸில் குவியத் தூர வாரியாகவும் தனித்தனி எண் பதியலாம். பொறுமையான வேலை, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும். கருவி உங்கள் லென்ஸின் மவுன்டுக்கு (கேமராவில் பொருந்தும் வாய்க்கு) உரியதா என்று பார்த்து வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள்.

தீமிதிக்கோ திருமணத்துக்கோ முந்தைய இரவில் இதைத் தொடாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னதாகச் செய்து, வீட்டில் உள்ளவர்களை வைத்து நூறு படமாவது எடுத்துப் பாருங்கள்.

8. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது

கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள். லென்ஸை மட்டும் கொடுத்தால் அவர்களுடைய சோதனைக் கேமராவோடு பொருத்திப் பார்த்து, "சரி" என்று திருப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. உங்கள் இணைக்கு அது பதிலல்ல.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, இரண்டின் தொடர் எண்கள், சோதனைப் படங்கள் உள்ள நினைவட்டையின் ஒரு பிரதி, எந்தப் படத்தில் எத்தனை சென்டிமீட்டர் விலகல் என்று எழுதிய ஒரு தாள். அந்தத் தாள்தான் நிலைமையை மாற்றியது. முதல் தடவை "மங்கலாக வருகிறது" என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் தடவை தாளைக் கொடுத்தபோது, முகப்பில் இருந்தவர் உள்ளே போய்த் தொழில்நுட்பரையே அழைத்து வந்தார். கேமராவில் நீங்கள் பதித்த திருத்த எண்களைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுக் கொடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. ஆய்வுக் கட்டணம் எவ்வளவு? பழுதுபார்க்கச் சம்மதித்தால் அது மொத்தத் தொகையில் கழிக்கப்படுமா? வேலை தொடங்கும் முன் மதிப்பீடு எழுத்தில் வருமா? சொல்லும் தொகையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் நான் ஒருமுறை கூடுதலாகக் கட்ட நேர்ந்தது.

உத்தரவாதத்தில் ஒரு பொறி உண்டு. இங்குள்ள கடைகளில் உள்நாட்டு உத்தரவாதப் பொருளும், வெளிநாட்டுச் சந்தையிலிருந்து தனியாக இறக்கிய மலிவுப் பொருளும் பக்கத்துப் பக்கத்தில் விற்பனையாகின்றன. இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் கடையின் உத்தரவாதம் மட்டுமே இருக்கும். அப்படியானால் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போகாமல், முதலில் கடைக்கே போங்கள்.

9. வாங்கிய இடத்தில் முறையிடும்போது

லென்ஸைக் கடையில் வாங்கியிருந்தால், அது பழையதே ஆனாலும், குறையுள்ள பொருளுக்குக் கடையைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் உங்களுக்குத் துணை. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்டுவது கடையின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தல் அல்லது மாற்றித் தருதல். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்ப. பழைய பொருளின் வயதும் விலையும் கணக்கில் எடுக்கப்படும். கேமராவிலேயே +4 என்று திருத்திவிடக்கூடிய விலகலைக் குறை என்று வாதாடாதீர்கள், நிற்காது.

கடை இணங்காவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அதற்கும் மசியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது; இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும்; சிங்பாஸ் வழியாக இணையத்தில் பதியலாம்; வழக்கறிஞர் கிடையாது. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளி.

தனிநபரிடம் வாங்கியிருந்தால் லெமன் சட்டம் பொருந்தாது. ஆகவே அங்கே பணம் கொடுக்கும் முன்னரே சோதனையை முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவை எடுத்துப் போங்கள். எம்ஆர்டி நிலைய வாசலில் பொருளை வாங்கிக்கொண்டு ஓடாமல், பக்கத்தில் வெளிச்சமான ஓர் இடத்தில் உட்காரலாம் என்று கேளுங்கள். ஏதாவது ஓர் அறிவிப்புப் பலகையை வியூஃபைண்டரில் ஐந்து படம், லைவ் வியூவில் ஐந்து படம் எடுத்துப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். பத்து நிமிடம் போதும். மறுக்கிற விற்பனையாளரிடம் வாங்காமல் வந்துவிடுங்கள். உரையாடலின் திரைப்பதிவு, பேநவ் பரிமாற்றச் சான்று, தொடர் எண்ணின் படம் மூன்றையும் ஒரே கோப்பில் சேமித்து வையுங்கள்.

பழுதுபார்த்துத் திரும்பி வந்த கேமராவை அன்றே, அதே தாள், அதே தொலைவு, அதே சன்னல் வெளிச்சத்தில் மறுபடி சோதியுங்கள். பழுதுபார்ப்புக்கும் குறுகிய கால உத்தரவாதம் உண்டு. அதன் நாள் கணக்கு ரசீதில் இருக்கும். அந்தத் தேதியைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். நாளிதழ் ஒட்டிய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். உலர்பெட்டிக்குப் பின்னால் செருகி வையுங்கள். கேமரா கைதவறி விழுந்தாலோ புதிய லென்ஸ் வாங்கினாலோ மறுபடி தேவைப்படும்.